குரூப் 4 கணக்கு ஆன்லைன் வகுப்பு: "புரிஞ்சுது மேடம்" என்கிறார்கள், தாளில் விடை வருவதில்லை

கோத்தகிரி டீச்சர் கேட்டது:

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுகிறவர்களுக்குத் திறனறிவுக் கணக்கு மட்டும் ஆன்லைனில் சொல்லித்தருகிறேன். இரவு 8 மணிக்கு வகுப்பு. முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல். மஞ்சூர், குன்னூர், பந்தலூர், சேரம்பாடி என்று நீலகிரி மாவட்டம் முழுக்கச் சிதறி இருப்பவர்கள். பாதிப் பேர் பெண்கள். பகலில் இலை பறித்துவிட்டு, வீட்டில் சோறு ஆக்கி வைத்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். சிலர் டீ ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள்.

தேர்வில் மொத்தம் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. "இருபத்தஞ்சுதானே, விட்டுடலாம்" என்பவர்கள் நிறைய. தமிழை எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள், வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இந்த 25-இல்தான் என்று அவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன்.

வகுப்பு நடக்கும் முறை இதுதான். பிபிடி போட்டு, ஒரு கணக்கை நிதானமாக விளக்குவேன். "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது மேடம்" என்று இரண்டு குரல் வரும், தினமும் அதே இரண்டு குரல். மற்றவர்கள் கேமராவும் மைக்கும் அணைத்தபடி இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைத்தால், வகுப்பில் போட்ட அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றியிருப்பேன், பாதிப் பேருக்கு விடை வராது.

போதாததற்கு நெட்வொர்க். மழைக்காலத்தில் எங்காவது ஒரு மரம் லைன் மேல் விழுந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். என் வீடு தகரக் கூரை. மழை பிடித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. இலவச ஜூம் 40 நிமிஷத்தில் துண்டிக்கிறது. மறுபடி லிங்க் அனுப்பினால் சிலர் திரும்பி வருவதில்லை.

கேமராவைக் கட்டாயமாக்கலாமா? நேரடி வகுப்பை நிறுத்திவிட்டு ரெக்கார்டிங் மட்டும் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி காப்பிக்காரர்:

டீச்சர், நான் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது தாண்டிக்குடியில் காப்பி, மிளகு. சாயங்காலம் டிப்ளமோ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் மலையிலும் உங்கள் மழைதான், உங்கள் டவர்தான்.

கேமராவை விட்டுவிடுங்கள். முகத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? நேரில் நடத்தும்போதே முதல் பெஞ்ச் தலையாட்டிக்கொண்டு இருக்கும், நாமும் நம்பிக்கொண்டு போவோம். நீங்கள் பார்க்க வேண்டியது நோட்டு. வகுப்பு முடிந்ததும் கடைசிக் கணக்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் திருத்த வேண்டாம், தினம் ஐந்தாறு பேருடையதை மட்டும் பாருங்கள். யார் எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று அதில் தெரிவது கேமராவில் ஒருநாளும் தெரியாது.

அடுத்தது "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. அதை வகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்கு "இல்லை" என்று முப்பது பேர் முன்னால் யார் சொல்வார்கள்? அந்த இடத்தில் ஒரு கணக்கை வையுங்கள். அதுவும் தவறான விடைகளை யோசித்து வைத்த கணக்காக இருக்கட்டும். ஒன்று சொல்கிறேன்:

ஒரு வேலையை அ 12 நாளில் முடிப்பார், ஆ 6 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 18, 9, 6, 4.

விடை 4. ஆனால் எனக்கு வேண்டியது மற்ற மூன்றும். 18 என்றால் கூட்டிவிட்டார். 9 என்றால் சராசரி எடுத்துவிட்டார். 6 என்றால் கழித்துவிட்டார், இல்லை கண்ணை மூடிக்கொண்டு கேள்வியில் இருந்த எண்ணையே தொட்டுவிட்டார். ஆ தனியாகவே 6 நாளில் முடிக்கிறார், இன்னொருவர் கைகொடுத்தால் 9 நாள் ஆகுமா என்று அவர்களே யோசிக்கிற இடம் வந்துவிட்டால் ஒரு நாளில் எவ்வளவு வேலை என்ற பின்னக் கணக்கு தானாக உள்ளே போகும். நான்கு எண்ணையும் ஏனோதானோ என்று போட்டால் இது எதுவும் கிடைக்காது.

விடையை வாங்கும் முறை முக்கியம். "சாட்டில் எழுதுங்கள், அனுப்பாதீர்கள்" என்று சொல்வேன். ஒரு நிமிஷம் விடுவேன். அப்புறம் "இப்போ அனுப்புங்க". எல்லா விடையும் ஒரே நேரத்தில் கொட்டும். இப்படிச் செய்யாவிட்டால் வேகமான ஒரு பையன் 4 என்று போடுவான், அடுத்த இருபது பேரும் 4 என்று போடுவார்கள். கூச்சப்படுகிற கூட்டமாக இருந்தால் ஜூமில் சாட்டை வகுப்பு நடத்துபவருக்கு மட்டும் போகும்படி மாற்றிவைக்கலாம். புது வகுப்பு என்றால் ஆரம்பத்தில் நான் அப்படித்தான் வைப்பேன். யார் தப்பு போட்டார் என்று எனக்கு மட்டும் தெரியும். "ஏழு பேர் 9 போட்டிருக்கிறீர்கள்" என்று பொதுவாகச் சொல்வேன்.

அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பதுதான் வாத்தியாருக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அது நேர் வகுப்புக்கு. ஆன்லைனில் கேள்வி போய்ச் சேர நேரம், மைக்கைத் திறக்க நேரம், டைப் அடிக்க நேரம். நான் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி வைத்துக்கொள்வேன். கேள்வி கேட்டதும் டம்ளரை எடுத்துவிடுவேன். வாயில் காப்பி இருந்தால் பேச முடியாது அல்லவா.

விடை வந்தபிறகும் உடனே விளக்காதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், மாணவர்களை முதலில் விடை சொல்ல வைப்பார், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவார், மறுபடி விடை கேட்பார். நம் சிக்னலில் நாலு நாலு பேராகத் தனி அறைக்குப் பிரித்து அனுப்பினால் பாதிப் பேர் வழியிலேயே காணாமல் போவார்கள். அதனால் தவறான விடைக்கு நானே வக்கீல் ஆகிவிடுவேன். "நான் 9 தான் சரி என்கிறேன். 12-ம் 6-ம் 18, ரெண்டு பேர், ஆளுக்குப் பாதி. எங்கே தப்பு, சொல்லுங்க பார்க்கலாம்." வாத்தியாரைத் தோற்கடிப்பது என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? மைக் திறக்காதவர்கள்கூடத் திறப்பார்கள். அப்புறம் இரண்டாவது முறை விடை கேளுங்கள்.

பிபிடி வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், தடித்த கறுப்புப் பேனா. அலமாரித் தட்டின் விளிம்பில் போனைக் கவிழ்த்து வைத்து மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றினால் ஸ்டாண்ட் தயார். 2014-இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசினார்கள். கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவில் மாணவர்கள் ஸ்லைடு வீடியோவைவிட அதிக நேரம் தங்கினார்கள். காரணம் பெரிய மர்மம் இல்லை. எழுதும்போது நம் வேகம் அவர்கள் கையின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பிபிடியில் ஒரு தட்டு தட்டினால் நான்கு வரி வந்து நிற்கும். அதை நாம் படித்துக்கொண்டும் இருப்போம், அவர்கள் கேட்பதா பார்ப்பதா என்று திணறுவார்கள்.

40 நிமிஷத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அது வரம். 35-இல் முடித்துவிடுங்கள், இரண்டாவது லிங்க்கே வேண்டாம்.

பந்தலூர் நைட் ஷிப்ட்:

மேடம், நான் வாத்தியார் இல்லை, படிக்கிறவன். இந்தப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. இலை அதிகமாக வரும் சீசனில் நைட் ஷிப்ட் போட்டுவிடுவார்கள், 8 மணி வகுப்பு எனக்கு இல்லை. நீங்கள் ரெக்கார்டிங் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

முன்பு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். தினமும் ஒன்றரை மணி நேர வீடியோ வரும். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று விட்டது குவிந்துகொண்டே போனது. பேரும் பார்த்தால் 14-ஆம் தேதி வகுப்பு, 15-ஆம் தேதி வகுப்பு. எனக்கு கூட்டுவட்டி வேண்டும், அது எந்தத் தேதியில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு உண்மையில் உதவியது வேறொரு அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். கூடவே ஒரே ஒரு போட்டோ, முழுக்கப் போட்ட கணக்கு. மேலே "தனிவட்டி: அசல் தெரியாதபோது" என்று எழுதியிருக்கும். ஃபேக்டரியில் இருந்து லயனுக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) நடக்கும்போது கேட்பேன், சாப்பிட்டபிறகு போட்டோவை வைத்து நோட்டில் போட்டுப் பார்ப்பேன். டேட்டாவும் ஒன்றும் செலவாகாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்பது என் ஒருத்தனுக்கு இல்லை மேடம், வீட்டில் தங்கச்சியும் அதே ஹாட்ஸ்பாட்தான்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் லயனுக்குள் சிக்னல் சரியாக வராது, ரோட்டு வளைவுக்கு வந்தால்தான் டவுன்லோடு ஆகும். இருட்டினால் யானை. யாரும் போக மாட்டோம். ராத்திரி 10 மணிக்கு நீங்கள் அனுப்பும் ஃபைல் எனக்கு மறுநாள்தான் கிடைக்கும். அதனால் எதை அனுப்பினாலும் சாயங்காலம் 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். வீடியோ லிங்க்காக இல்லாமல் இறக்கி வைத்துக்கொள்ளும்படி அனுப்புங்கள். போட்டோவை பென்சிலில் எழுதி எடுக்காதீர்கள், வாட்ஸ்அப் வழியாக வரும்போது மங்கிவிடுகிறது.

சார் சொன்ன 12, 6 கணக்கில் நானும் முன்பு 9 தான் போட்டிருப்பேன்.

குன்னூர் கோச்சிங்:

எல்லாம் நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குக்குப் பத்து நிமிஷம் வாதாடிக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் எப்போது முடியும்? சுருக்குதல், சதவீதம், மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும், அதற்குமேல் புதிர், பகடை, எண் தொடர். குரூப் 4-க்கு வேண்டியது வேகம். நிறைய கணக்கு, நிறைய ஷார்ட்கட். நான் எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்து போட்டுவிட்டேன். பார்க்கிறவன் பார்ப்பான். நேரடி வகுப்பு உற்சாகம் கொடுக்கத்தான், வாரம் ஒன்று போதும். என் பிள்ளைகள் வீடியோ பார்த்து முடித்ததும் "சார், சூப்பர், எல்லாம் புரிஞ்சுது" என்றுதான் எழுதுகிறார்கள்.

தாண்டிக்குடி காப்பிக்காரர்:

குன்னூர் தம்பி சொல்வதில் பாதி சரி. பாடத்திட்டம் முடிய வேண்டும். அதற்காகத்தான் விளக்கத்தை வகுப்புக்கு வெளியே தள்ளச் சொல்கிறேன். பந்தலூர் தம்பி சொன்ன அந்த ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதே, விளக்கம் அதற்குள் போகட்டும். நான் மேலே சொன்ன எட்எக்ஸ் ஆய்விலேயே, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்க்கிற இடைநிலை நேரம் (பாதிப் பேர் அதற்குள் நிறுத்திவிடுகிற நேரம்) 6 நிமிஷத்தைத் தாண்டவில்லை என்று இருக்கிறது. 5 மணிக்கு விளக்கம் வந்துவிட்டால், 8 மணி வகுப்பில் டீச்சர் பேசவே வேண்டாம், பிள்ளைகள் கணக்குப் போட வேண்டும். எல்லோரும் சேர்ந்து கிடைப்பது அந்த 35 நிமிஷம்தான். அதில் நாம் பேசுவது வீண்.

"சூப்பர், புரிஞ்சுது" விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். வீடியோ முடிந்த கையோடு வருகிற "புரிஞ்சுது" அந்த ஐந்து நிமிஷக் கணக்கு. தேர்வு அன்றைக்கு இரவே நடந்தால் சரிதான்.

அதனால் டீச்சர், வகுப்பை எப்போதும் பழைய கணக்கில் ஆரம்பியுங்கள். போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று, நேற்றிலிருந்து ஒன்று. எது எந்தப் பாடம் என்று தலைப்புப் போடாதீர்கள். தேர்வுத்தாளில் யார் தலைப்புப் போட்டுத் தருகிறார்கள்? விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று மாதக்கணக்கில் படித்த பிள்ளைகளும் சொல்வார்கள். 100, 120, 96 என்று மூன்று எண் எழுதிப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் "சதவீதம்" என்ற தலைப்புக்குக் கீழே கேட்டால் உஷாராக இருப்பார்கள், இரண்டு வட்டிக் கணக்குக்கு நடுவில் சொருகினால்தான் மாட்டுவார்கள். மாட்டட்டும். உங்களிடம் மாட்டினால் மார்க் போகாது.

உங்கள் பிள்ளைகளுக்குக் கையில் இருக்கிற பொருளிலேயே விகிதம் கிடக்கிறது. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். ரயில் வேகக் கணக்கை விட்டுவிட்டு இதில் ஆரம்பித்துப் பாருங்கள், இலை பறிக்கிற பெண்கள் உங்களுக்கு முன்னால் விடை சொல்வார்கள். பிறகு ரயிலுக்குப் போகலாம்.

குன்னூர் கோச்சிங்:

தலைப்பு இல்லாமல் கலந்து கொடுப்பதை ஒத்துக்கொள்கிறேன். என் வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பாடம் வாரியாகப் பேர் வைக்கிற வேலையையும் பந்தலூர் தம்பி வைத்துவிட்டார். ஷார்ட்கட் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை.

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே 12, 6 கணக்கைக் கேட்டுப் பார்த்தேன், சாட் எனக்கு மட்டும் வரும்படி வைத்து. 9-தான் அதிகம். "புரிஞ்சுது மேடம்" என்று தினமும் சொல்கிற இரண்டு பேரில் ஒருத்தரும் 9. நான் 9-க்கு வாதாடியபோது இதுவரை குரலே கேட்காத ஒரு மஞ்சூர் பெண் மைக்கைத் திறந்து, "மேடம், ஆ ஒருத்தரே ஆறு நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவாரே" என்றாள்.

பந்தலூர் தம்பி, 5 மணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இனி வாய்ஸ் மெசேஜ் மதியமே வந்துவிடும். உங்கள் பக்கம் இருந்து இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே கதைதானோ என்னவோ, கேட்க வேண்டும்.

இரண்டு சந்தேகம் பாக்கி. நோட்டு போட்டோ கேட்டால் ஒருத்தர் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். குரூப்பில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள் என்றாலும் அவர்களுக்குள் சுற்றுகிறது. அப்புறம், தகரக் கூரை. அதற்கு யாரும் வழி சொல்லவில்லை.

தாண்டிக்குடி காப்பிக்காரர்:

காப்பி அடிப்பதற்கு ஒரு சின்ன வழி. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள், உங்களுக்கு வேலை கூடாமல். "உங்கள் பிறந்த தேதியை ஆயிரத்தால் பெருக்குங்கள், அதுதான் அசல். 8 சதவீதம் தனிவட்டி, 2 வருஷம். வட்டி எவ்வளவு?" 7-ஆம் தேதி பிறந்தவருக்கு அசல் 7,000, வட்டி 1,120. 23-ஆம் தேதிக்காரருக்கு 3,680. நீங்கள் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வந்த விடையை 160-ஆல் வகுத்தால் பிறந்த தேதி வர வேண்டும். வராமல் 166.4-ஆல் வகுபட்டால் கூட்டுவட்டி போட்டுவிட்டார் என்று அர்த்தம். சேரும்போதே பிறந்த தேதியை வாங்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து எழுத வேண்டும் என்றாலும் முறையைப் புரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருக்கும்.

கூரைக்கு வைத்தியம் இல்லை. வயர் வைத்த இயர்போன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் சாரல் மழை வரைக்கும் தாங்கும், அதற்குமேல் தாங்காது. பெருமழை பிடித்தால் நான் மைக்கை அணைத்துவிட்டு, தாளில் பெரிதாகக் கணக்கை எழுதிக் காட்டுவேன். அவர்கள் சாட்டில் விடை போடுவார்கள். நான் தாளில் "9 யார்?" என்று எழுதுவேன். அப்படி முழு வகுப்பையும் ஓட்டலாம். பேச்சு இல்லாததால் கணக்கு அதிகமாகவே நடக்கும். முன்கூட்டியே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டீச்சருக்கு மைக் கெட்டுவிட்டது என்று எல்லோரும் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பந்தலூர் நைட் ஷிப்ட்:

மேடம், எங்கள் பக்கத்து நாலு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். இரண்டு பேருக்கு வீட்டிலேயே சிக்னல் உண்டு, பிரச்சினை இல்லை. மற்ற இரண்டு பேருக்கும் 5 மணிதான். மதியம் அனுப்பினால் நான் ஷிப்டுக்குப் போகும் வழியில் இறக்கி, ப்ளூடூத்தில் அவர்களுக்கும் கொடுத்துவிடுகிறேன்.